நின்றால் ஊறும் சத்தம்

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் அக்கா தன் வீட்டு விறாந்தையில் நடத்துகிற பரதநாட்டிய வகுப்பும் அந்த இருட்டுக்குள்தான் நடந்தது. அடவு என்கிற அடிப்படை அசைவுகளுக்கு எப்போதும் தாளம் தட்டுகிற தட்டுக்கழிதான், அதற்குக் கரண்ட் தேவையில்லை. பாட்டுக்கு ஆடுகிற உருப்படிகளுக்குத்தான் பதிவை ஓடவிடுவோம். ஸ்பீக்கரில் சார்ஜ் இல்லை, போனில் மிச்சமிருந்த சார்ஜைப் பாட்டுக்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. சரி, நானே பாடுகிறேன் என்று அக்கா தரையில் சப்பாணி கட்டியிருந்து பாடத் தொடங்கினார். நான் பக்கத்தில் மிருதங்கத்தோடு இருந்தேன்.

அன்றைக்கு ஒரு பிள்ளை பதம் ஒன்றுக்கு அபிநயம் செய்துகொண்டிருந்தாள். பூக்கோர்க்கிற இடம். பதிவில் அந்த வரி மூன்று தரம் வரும், மூன்றாம் தரம் முடியும்போது மாலையும் முடிந்திருக்க வேண்டும், அப்படித்தான் எல்லாப் பிள்ளைகளும் பழகியிருந்தார்கள். அன்றைக்கு அவள் கையில் நூல் சிக்கிக்கொண்டது. நூலும் இல்லை, பூவும் இல்லை. ஆனாலும் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் அவள் விரல் நுனியில் ஒரு முடிச்சு விழுந்ததையும், அதைப் பார்க்க அவள் முகத்தைக் கிட்டக் கொண்டுபோனதையும் நாங்கள் எல்லாரும் கண்டோம். அக்கா அந்த வரியை நாலாம் தரம் பாடினார். பிறகு ஐந்தாம் தரம், குரலைக் கொஞ்சம் இறக்கி. முடிச்சு அவிழ்ந்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போனார்.

கரண்ட் வழமைக்கு வந்ததும் பாட்டுப் பதிவும் திரும்பி வந்துவிட்டது. அந்த வரி மூன்று தரம் வந்தது, போனது. அவளும் பழையபடி மூன்றாம் தரத்தோடு மாலையை முடித்துவிட்டாள். எனக்கு அன்றிலிருந்து இதே யோசனைதான். பதிவு யாருக்காகவும் காத்திருக்காது. காத்திருக்கத் தெரிந்த சத்தம் ஒன்றைச் செய்ய முடியாதா?

பாடகரும் பக்கவாத்தியக்காரரும் நேரே இருந்தால் இந்தக் கேள்வியே வராது. பரதநாட்டியம் ஆடிய பாலசரஸ்வதிக்கு அவருடைய அம்மா ஜயம்மாள்தான் பாடினார். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வேறு வேறு சங்கதியில் பாட, மகள் அதற்குள் ஒவ்வொரு தரமும் வேறு ஒன்றைக் காட்ட, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். பாசையூரில் கூத்து ஒத்திகை பார்க்கப் போனபோதும் இதையேதான் கண்டேன். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியாரின் கண் ஆடுகிறவரின் காலை விட்டு எடுபடவேயில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஒரு சாதாரண வகுப்புக்கு, ஒரு பாடசாலைப் போட்டிக்கு, ஒரு கோயில் நிகழ்ச்சிக்கு யாரால் முழுப் பக்கவாத்தியமும் பிடிக்க முடியும்? அரங்கேற்றத்துக்கு மட்டும் காசு சேர்த்துப் பிடிப்பார்கள். மற்ற நாட்களில் எல்லாம் பதிவுதான். பத்து வருடம் ஆடுகிற பிள்ளை அந்தப் பத்து வருடத்தில் தன்னைக் கேட்கிற பாட்டோடு ஆடுவது ஒன்றோ இரண்டோ தரம்.

எனக்குப் பகலில் மின்னணுச் சாமான்கள் திருத்துகிற வேலை என்பதால் கையில் கிடந்ததை வைத்தே தொடங்கினேன். எம்பியூ 6050 என்று ஒரு சென்சர், இரண்டு சென்ரிமீற்றர் அளவுப் பலகை. மூன்று திசையில் வேகம் எப்படி மாறுகிறது, மூன்று அச்சில் எப்படித் திரும்புகிறது என்று சொல்லும். அதை ஈஎஸ்பி 32 என்கிற சின்ன வைஃபை பலகையோடு சேர்த்து, ஒரு சின்ன பற்றரியும் வைத்து, கணுக்காலில் ஒன்று, முன்கையில் ஒன்று என்று கட்டிவிட்டோம். அது செக்கனுக்கு 100 தரம் இலக்கங்களை லப்டொப்புக்கு அனுப்பும். லப்டொப்பில் பியூர் டேட்டா. 1990களில் மில்லர் பக்கெட் எழுதிய மென்பொருள், இலவசம், பழைய கணினியிலும் ஓடும். பெட்டிகளை வரைந்து கோடுகளால் தொடுத்தால் சத்தம் வரும். பலகை வாங்க வசதியில்லை என்றால் பழைய போன் ஒன்றை இடுப்பில் கட்டினாலும் போதும், போனுக்குள் இதே வகைச் சென்சர் இருக்கிறது.

முதல் நாள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். கால் தட்டும்போது வருகிற வரைபடத்தைப் பார்த்தால் மலை உச்சி மாதிரிக் கூராக இருக்க வேண்டிய இடமெல்லாம் மேசை மாதிரித் தட்டையாக இருந்தது. மெதுவாகத் தட்டினாலும் மேசை, பலமாகத் தட்டினாலும் அதே மேசை. அந்தச் சென்சரைச் சும்மா போட்டால் புவியீர்ப்பைப் போல இரண்டு மடங்கு வரைதான் அளக்கும். தட்டடவில் ஒரு பிள்ளையின் பாதம் சீமெந்துத் தரையில் விழுகிற அதிர்ச்சி அதைத் தாண்டி எங்கேயோ போய்விடும். 16 மடங்கு வரை அளக்கிற மாதிரி மாற்றிய பிறகுதான் ஒவ்வொரு பிள்ளையின் தட்டும் வேறு வேறு உச்சியாகத் தெரிந்தது. அக்கா வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் கூர் ரெண்டாவது பிள்ளையின்ர, அவ குதி நிலத்தில படாம முன்பாதத்தாலதான் தட்டுவா" என்று சரியாகச் சொன்னார். இருபது வருடமாக அவர் காதால் அளந்துகொண்டு வந்ததைத்தான் அந்தப் பலகை கோடாகப் போட்டது.

இன்னொன்று. அசையாமல் நின்றாலும் சென்சர் பூச்சியம் காட்டாது. பூமி இழுக்கிற இழுப்பு அதில் எப்போதும் இருக்கும். ஒரு பிள்ளை கேட்டாள், "அண்ணா, நான் சும்மாதானே நிக்கிறன், ஏன் இது ஒண்டெண்டு காட்டுது?" இதை எனக்குப் பிடித்த கேள்வி என்றே சொல்லுவேன். நிற்பதும் ஒரு வேலைதான், முழங்காலை மடித்து அரைமண்டியில் நிற்கிற யாரைக் கேட்டாலும் தெரியும். தொடையில் ஒரு சென்சர் கட்டினால் அந்த இழுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்தே மண்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். நாங்கள் அதைச் சுருதிப் பெட்டியோடு தொடுத்தோம். மண்டி இறங்க இறங்கச் சுருதி நிரம்பி வரும், களைத்து எழும்ப எழும்ப மெலியும்.

பிறகு தாமதம். முதலில் புளூடூத் ஸ்பீக்கரில்தான் விட்டேன். கால் விழுந்து கொஞ்சம் பொறுத்துத்தான் சத்தம் வந்தது. மிருதங்கம் வாசிக்கிற காதுக்கு அது தாங்காது. போனில் செக்கனுக்கு 240 படம் எடுக்கிற மெது இயக்கத்தில் பிடித்து, பாதம் தரையில் படுகிற படத்திலிருந்து ஸ்பீக்கர் கூம்பு துடிக்கிற படம் வரைக்கும் எண்ணினேன். 30 படம் வந்தது. ஒரு படம் ஏறத்தாழ 4 மில்லிசெக்கன், ஆகவே 125 மில்லிசெக்கன். நிமிடத்துக்கு 80 தட்டு என்று அடவு போனால் நாலு மடங்கு வேகமான மூன்றாங்காலத்தில் தை, தா என்கிற ஒரு சொல்லுக்கு 187 மில்லிசெக்கன்தான் கிடைக்கும். சொல்லில் பாதிக்கு மேல் கடந்த பிறகு வருகிற சத்தத்தோடு யார் ஆடுவது? புளூடூத்தை விட்டுவிட்டு வயர் போட்டு, ஒலி அட்டை சத்தத்தைச் சேர்த்துவைத்து அனுப்புகிற நேரத்தையும் குறைத்த பிறகு 7 படத்துக்கு வந்தது. புளூடூத்தில் எவ்வளவு விலையான பொக்ஸ் என்றாலும் இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம் என்று கேட்கிற எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவும் முடிந்து, சரி ஆடுங்கோ என்று விட்டால், பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். "எந்த அடவு ரீச்சர்?" எந்த அடவும் இல்லை, நீங்களாகச் செய்யுங்கோ என்றால் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதில் பிள்ளைகளின் பிழை ஒன்றும் இல்லை. அலாரிப்பில் தொடங்கித் தில்லானா வரைக்கும் ஒவ்வொரு விரலும் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் கதவைத் திறந்துவிட்டால் யார் வெளியே போவார்கள்? அக்காதான் வழி கண்டுபிடித்தார். ஒரே ஒரு நாட்டடவு. அதை மாற்றக் கூடாது. எப்போது தொடங்குவது, எவ்வளவு வேகம், எங்கே நிறுத்துவது, இந்த மூன்று மட்டும் உங்கள் கையில். அதோடு கட்டு அவிழ்ந்துவிட்டது.

ஆனால் அசைவைச் சத்தத்தோடு சேர்க்க நான் போட்டுவைத்த தொடுப்பு மோசம். கை மேலே போனால் சுரம் மேலே போகும், கை கீழே வந்தால் கீழே வரும். முதல் பத்து நிமிடம் விறாந்தை முழுக்கச் சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. பதினோராவது நிமிடம் அலுத்துவிட்டது. பார்த்தால் பிள்ளைகள் ஆடவில்லை, சத்தம் வருகிறதா என்று கையைத் தூக்கித் தூக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது பிள்ளையைக் கேக்குதில்லை. பிள்ளைதான் இதுக்கு வேலை செய்யுது."

அன்றிரவு உட்கார்ந்து இதை முன்பு செய்தவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். நான் நினைத்ததைவிட மிகப் பழைய விஷயம். தொடாமல் வாசிக்கிற கருவியைச் செய்த லியோன் தெரமின், 1932இல் நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் ஒரு மேடையையே வாத்தியமாக வைத்துக் காட்டியிருக்கிறார். அதில் ஏறி நிற்பவர் உடம்பை உயர்த்தினால் சுரம் உயரும், தாழ்த்தினால் தாழும். அதாவது நான் 90 வருடம் கழித்துப் போட்ட அதே தொடுப்பு. உடம்பின் ஒவ்வொரு அசைவும் சுரத்தை மாற்றினால் ஆடுகிறவர் சுரத்துக்குக் காவல் நிற்க வேண்டியதுதான், ஆட நேரம் இருக்காது. 1965இல் இசையமைப்பாளர் ஜோன் கேஜும் நடனக்காரர் மேர்ஸ் கனிங்ஹமும் செய்த வேரியேஷன்ஸ் ஃபைவ் என்கிற நிகழ்ச்சி வேறு மாதிரி. மேடையில் மின்னணு வாத்தியங்கள் செய்கிற ரொபேட் மூக் செய்த அன்ரனாக் கம்பங்கள், அவற்றோடு வெளிச்சத்தை உணர்கிற கண்கள். நடனக்காரர் கம்பத்துக்குக் கிட்ட வந்தால், வெளிச்சத்தை மறைத்தால், பின்னால் ரேப் ரெக்கோடர்களிலும் வானொலிகளிலும் ஓடிக்கொண்டிருக்கிற சத்தம் திறந்து மூடும். ஆனால் கடைசியில் எது கேட்கும் எது கேட்காது என்பது மிக்ஸரில் இருந்த இசைக்காரர் கையில். ஒன்றில் உடம்பு சத்தத்துக்கு அடிமை, மற்றதில் உடம்பு கதவு மட்டும் திறக்கும். எங்களுக்கு இரண்டும் வேண்டாம். அக்கா பாடின நாலாம் தரம் மாதிரி ஒன்றுதான் வேண்டும்.

விடை கிணற்றடியில் கிடைத்தது. உண்மையாகவே கிணற்றடியில்தான். கோடையில் எங்கள் கிணற்றில் விடாமல் இறைத்தால் வாளி அடியில் முட்டும். கொஞ்சம் விட்டால் ஊறும். கூட நேரம் விட்டால் கூட ஊறும். குளித்துக்கொண்டு நிற்கும்போது அடுத்த தொடுப்பு முழுவதும் மனதில் வந்துவிட்டது. அசையாமல் நிற்கிற நேரமெல்லாம் உள்ளே ஒரு இலக்கம் ஊறிக்கொண்டு வரும். அசைந்தால் அந்த இலக்கத்திலிருந்துதான் சத்தம் எடுக்க வேண்டும். விடாமல் அசைந்தால் வற்றும், சத்தம் மெலியும், கடைசியில் சலங்கை மட்டும் மிஞ்சும். திரும்ப வேண்டுமென்றால் நிற்க வேண்டும். நாலு செக்கன் நின்றால் நாலு செக்கனுக்கு உரியது, பத்துச் செக்கன் நின்றால் பத்துக்கு உரியது.

பியூர் டேட்டாவில் இது ஐந்தாறு பெட்டிதான். ஆனால் விறாந்தையில் எல்லாமே மாறியது. இதே பிள்ளைகள், எப்போதும் அடுத்த அசைவுக்கு ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள், நிற்கத் தொடங்கினார்கள். வெறுமனே நிற்கவில்லை, உள்ளே ஒன்று நிரம்புகிறது என்று தெரிந்து நின்றார்கள். அந்த நிற்பைப் பார்க்கிறவர்களுக்கும் அது தெரியும். ஒருத்தி ஏறக்குறைய அரை நிமிடம் அரைமண்டியில் நின்றாள், தொடை நடுங்கியது, கண் அசையவில்லை, பிறகு இடது முன்கையை மட்டும் மெல்ல வெளியே நீட்டினாள். அரை நிமிடம் ஊறியது முழுவதும் அந்த ஒரு கையோடு வந்தது.

அந்தக் கையில் நாங்கள் வைத்திருந்தது எங்கள் கிணற்றுக் கப்பியின் சத்தம். கயிறு போகும்போது கிறீச் என்று தொடங்கி நடுவில் இரண்டாக உடைந்து முனகுகிற சத்தம், போனில் பதிந்தது. அதைச் செக்கனில் இருபதில் ஒரு பங்கு அளவுத் துணுக்குகளாக வெட்டி, கை போகிற வேகத்துக்கு ஏற்ப அடுக்கி ஒலிக்க வைத்தேன். மெதுவாகப் போனால் கப்பி மாதிரியே இராது, வயலின் வில்லை அழுத்தி இழுக்கிற மாதிரி இருக்கும். வேகம் கூடினால்தான் கப்பி என்று தெரியும். அவள் முதலில் தண்ணீர் அள்ளுகிற மாதிரித்தான் ஆடினாள், யாருக்கும் அதுதான் முதலில் வரும். அள்ளி முடிந்தது. சத்தம் இன்னும் மிச்சம் இருந்தது. அப்போது அவள் செய்ததை நான் இன்னும் மறக்கவில்லை: கயிற்றை விட்டுவிட்டு, அந்தச் சத்தத்தையே தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டு, நோவெடுத்த ஒரு கிழவி மாதிரி மெல்லத் திரும்பி நடந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தாளத்தில் இருந்தாள், பாதம் சரியாக விழுந்தது. கிழவி விறாந்தைத் தூண் வரைக்கும் போய் நின்றாள், சத்தமும் அங்கேயே வற்றியது. நான் மிருதங்கத்தில் கை வைக்கவேயில்லை.

இது பரதநாட்டியமா என்று சிலர் கேட்டார்கள், கோபமாகக்கூட. கேட்க வேண்டிய கேள்விதான். என் பக்கத்தைச் சொல்கிறேன்: சென்சர் கட்டினதால் எதுவும் புதிதாகிவிடாது, கழற்றினதால் எதுவும் தூய்மையாகிவிடாது. பதிவுக்கு ஆடுகிற வழக்கமே எங்கள் பாட்டிமார் காணாத ஒன்று, அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த நேரத்தில் தானாகக் கற்பனை செய்து விரிக்கிறதை மனோதர்மம் என்று பாட்டிலும் வாத்தியத்திலும் வாய் நிறையச் சொல்கிறோம். ஆடுகிற பிள்ளைக்கு மட்டும் ஏன் அதற்கு இடமில்லை? அடவு சுத்தமில்லாத பிள்ளைக்கு இது உதவாது, அதையும் பார்த்துவிட்டேன். கால் உறுதியில்லை என்றால் நிற்கும்போதே சென்சர் ஆடும், ஊற்று நிரம்பாது.

ஒரு மேடையிலும் செய்தோம், சின்ன மண்டபம், நூற்றைம்பது பேர் இருக்கும். ஒத்திகையில் எல்லாம் சரி. நிகழ்ச்சியில் இரண்டாவது பிள்ளை நின்றாள், நிரம்பட்டும் என்று நீண்ட நேரம் நின்றாள், பிறகு தட்டினாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் தட்டினாள். லப்டொப்பில் இலக்கங்கள் உறைந்துபோய்க் கிடந்தன. எங்கள் பலகைகள் பேசுவது 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில், ஒத்திகை நேரத்தில் அந்த மண்டபத்தில் இருந்தது நாலைந்து போன். இப்போது ஆளுக்கொரு போன், அதோடு அந்த அலையை மனித உடம்பு நன்றாக உறிஞ்சும், ரவுட்டர் சனத்துக்குப் பின்னால் மேசைக்குக் கீழே. அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சலங்கையை மட்டும் வைத்துக்கொண்டு நின்று, தட்டி, நின்று, தட்டி, ஆறு நிமிடம் ஆடி முடித்தாள். நிற்கிற இடமெல்லாம் சனம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. இப்போது ரவுட்டரை மேடைக்கு நேர் மேலே கட்டுகிறோம், அந்த இடத்தில் மற்றவர்கள் பாவிக்காத சானல் எது என்று முதலில் பார்த்து அதில் வைக்கிறோம். சலங்கைக்குக் கீழே கட்டினால் குத்துகிறது என்று பிள்ளைகள் சொன்னதால் சென்சரைக் கெண்டைக்காலுக்கு ஏற்றியாயிற்று. வியர்வை படாமல் பலகையைச் சின்னப் பொலித்தீன் பையில் போட்டுத்தான் கட்ட வேண்டும், இல்லையென்றால் இரண்டு வகுப்போடு பழுதாகிவிடும்.

இப்போது பூக்கோர்த்த பிள்ளை திரும்ப அந்தப் பதத்தை எடுத்திருக்கிறாள். அக்கா பாடின வரியைப் பதிந்து, அவள் விரல்கள் சின்னச் சின்னதாக அசைந்துகொண்டிருக்கும் வரைக்கும் அதே வரி திரும்ப வருகிற மாதிரியும், கையை உயர்த்தி மாலையை நீட்டினால்தான் அடுத்த வரிக்குப் போகிற மாதிரியும் செய்து கொடுத்தேன். போன கிழமை அந்த வரி பதினொரு தரம் வந்தது. அவளுக்குப் பெரிய சந்தோசம். அக்கா கொஞ்ச நேரம் தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "காத்திருக்குது, சரி. ஆனா பதினொரு தரமும் ஒரே மாதிரிப் பாடுது. நான் அண்டைக்கு அஞ்சாந்தரம் குரலை இறக்கினனான் எல்லோ" என்றார்.

அதனால் ஒரே வரியை ஏழு விதமாகப் பாடிப் பதிகிறோம்: இறக்கி, ஏற்றி, இழுத்து, பாதி வரியோடு விட்டு. எந்த விதம் எப்போது வருவது என்பதை அவள் விரல் வேகம் தீர்மானிக்கும். நாலு விதம் முடிந்துவிட்டது. மிச்ச மூன்றுக்கு இந்தச் சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கே மைக்கோடு போகிறேன், பக்கத்து வீட்டில் தண்ணி மோட்டர் போட முதல்.